ரோஷ் எல்லை

மறுபடியும் அதே இடத்தில்தான் நாக்கு இடறியது. 'ரோஷ் எல்லை' என்று இரண்டு சொல்லாக வர வேண்டியது, மரகதவல்லியின் வாயில் 'ரோஷெல்லை' என்று ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இம்தியாஸ் கையை உயர்த்தினான். "மேடம், ரோஷ எல்லைன்னு கேக்குது," என்றான். ஹெட்போன் வழியாக வந்த குரல், தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. "ரோஷத்துக்கு ஒரு எல்லை போலன்னு பசங்க நெனச்சுக்குவாங்க. எங்க வாப்பாவுக்கெல்லாம் அது ரொம்பப் பக்கத்துலயே இருக்கு." அவள் சிரித்தாள், சிரித்து முடித்த பிறகும் அந்தச் சொல் வாய்க்குள் கரையாத மாத்திரை மாதிரி கிடந்தது. தெற்கே ஏதோ ஒரு ஊரில் புதிதாகத் திறக்கப்போகிற கோளரங்கத்துக்குத் தமிழ் வர்ணனை. இருட்டில் மல்லாந்து உட்கார்ந்து பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்கப்போகிற குரல். வானொலியில் காலம் முழுக்க அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் தேடி வந்து கேட்டார்கள், தமிழை இப்படித் தெளிவாக உச்சரிக்க இப்போது ஆள் இல்லை என்றார்கள். தெளிவாக. இன்று காலையிலிருந்து எதுவும் தெளிவாக வரவில்லை. இன்னொரு தடவை போகலாம் என்று அவள் தொண்டையைச் செருமிக்கொண்டபோது கீழ்த்தளத்தில் யாரோ டைல்ஸ் வெட்ட ஆரம்பித்தார்கள். சாலிகிராமத்தில் எல்லா வீட்டிலும் எப்போதும் யாராவது எதையாவது வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சு வைத்த சுவர்களையும் தாண்டி அந்தச் சத்தம் பல் வேரில் இறங்கியது. "ஒரு நிமிஷம் மேடம், கீழ போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று இம்தியாஸ் எழுந்து போனான். அவன் போனதும், அவன் மேஜையில் கிடந்த தன் போன் அவள் கண்ணில் பட்டது. ஒலிப்பதிவு அறைக்குள் போன் கூடாது. கவிழ்த்து வைத்திருந்தாள். கவிழ்த்து வைத்தால் வெளிச்சம் வந்தாலும் தெரியாதே என்று இப்போது தோன்றியது. எழுந்து போய்த் திருப்பி வைக்கலாம். வேண்டாம். வந்தால் வரட்டும். காலையில் மாப்பிள்ளை நல்லசிவம் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னதில் 'இன்னைக்கு' என்றுதான் இருந்தது, நேரம் இல்லை. "அத்தே, கயல் இன்னைக்கு உங்களைக் கூப்புடுவாளுங்க. என்னமோ பேசோணுமாம். நீங்க கொஞ்சம்... பொறுமையா கேளுங்க அத்தே." அந்தப் 'பொறுமையா'வுக்கு முன்னால் அவர் விட்ட இடைவெளி இருக்கிறதே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பெற்ற மகள் பேசுவதைக் கேட்க அம்மாவுக்குப் பொறுமை வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பொறுமை என்றால் என்ன, பேசாமல் இருப்பதா. பேசாமல் இருந்தால் அவள் வேலையில் விளக்கம் கேட்பார்கள். காற்றில் மௌனம் விழக்கூடாது, அதுதான் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். இசைத்தட்டு சிக்கினால், உரை நிகழ்த்த வந்த பெரியவர் இருமினால், நேரடி ஒலிபரப்பில் பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டினால், அறிவிப்பாளர் உடனே ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டு அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருப்பவர், நிலையமே செத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கு அது கைவந்த கலை. பேசுகிறவர் மூச்சு இழுக்கும் விதத்திலேயே அடுத்த சொல் தெரிந்துவிடும். தெரிந்த சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி. டைல்ஸ் வெட்டும் சத்தம் நின்றது, மறுபடி தொடங்கியது. இம்தியாஸ் இன்னும் படி இறங்கிக்கொண்டிருப்பான். அவள் முன்னால் இருந்த தாளைப் பார்த்தாள். 'சனியைச் சுற்றியுள்ள வளையங்கள் முன்னொரு காலத்தில் ஒரு நிலவாக இருந்திருக்கலாம். அது சனியை நெருங்கி நெருங்கி வந்தது. குறிப்பிட்ட ஒரு தொலைவுக்கு உள்ளே வந்ததும் சிதறிப்போனது. அந்தத் தொலைவைக் கணக்கிட்டவர் எதுவார் ரோஷ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். அவர் பெயராலேயே அது ரோஷ் எல்லை எனப்படுகிறது.' 'ரோச்' என்று அச்சாகியிருந்ததை எழுதிய பேராசிரியர் பேனாவால் அடித்து 'ரோஷ்' ஆக்கியிருந்தார். பாவம் அந்த மனிதர், பிரான்சில் ஏதோ ஓர் ஊரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டுக்கொண்டு இருந்திருப்பார். தன் பெயர் ஒரு தொலைவுக்கு ஆகும் என்று நினைத்திருப்பாரா, அந்தத் தொலைவைத் தமிழில் சொன்னால் ரோஷம் போலக் கேட்கும் என்று நினைத்திருப்பாரா. அவர் மனைவி அவரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பாளா, சாப்பிட வா என்று. ஒரு பெயர் அதைச் சொல்கிறவர்களின் வாய்க்கு ஏற்ப என்னவெல்லாம் ஆகிறது. கயல்விழி என்ற பெயரை அவள்தான் வைத்தாள். ழகரம் வருகிற பெயராக வேண்டும் என்று பிடிவாதமாக வைத்தாள், அறிவிப்பாளர் மகள் என்றால் ழகரம் நாக்கில் புரள வேண்டும் என்று. குழந்தை ழகரம் வரைக்கும் போகவே இல்லை. முதல் எழுத்திலேயே நின்றது. க... க... க... உதடு திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், கண் ஒரு பக்கமாகச் சொருகும், உள்ளேயிருந்து யாரோ பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

பெயர் கேட்டது யார் யாரோ. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, பல் டாக்டர், துணிக்கடைக்காரர். பாப்பா பேர் என்ன? குழந்தை வாயைத் திறக்கும். அந்தத் திறப்புக்கும் சொல்லுக்கும் நடுவில் எதிரே இருப்பவர்களின் முகம் மாறுவதை மரகதவல்லி பார்ப்பாள், முதலில் புன்னகை, பிறகு குழப்பம், பிறகு அந்த இரக்கம். இரக்கம் வருவதற்கு முன்னால் அவள் முந்திக்கொள்வாள். "கயல்விழி. யூகேஜி படிக்கிறா." குழந்தையின் வாய் மூடிக்கொள்ளும். எவ்வளவு நிம்மதியாக மூடிக்கொள்ளும். நிம்மதி என்றுதான் அவள் நினைத்தாள், வேறு என்னவாக இருக்க முடியும். அவள் புருஷன் தணிகாசலம் மட்டும் ரயில்வே டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வார், "அவளே சொல்லட்டுமே மரகதம். யாருக்கு என்ன ரயில் போவுது." ரயில் போகிற வேலையில் இருந்த மனுஷன் சொன்ன ஜோக். அவர் முன்னால் கயலுக்குச் சொல் வரும். திக்கித்தான் வரும், ஆனால் வரும். அவர் பேப்பர் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார், வந்ததும் "சரி" என்பார். அவர் போன பிறகு வீட்டில் இருந்தது இரண்டு பேர், அதில் ஒருத்தியின் குரல்தான் எப்போதும் கேட்டது. காலையில் ரேடியோவில் ஒரு தடவை, சாயங்காலம் வீட்டில் ஒரு தடவை. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனாள், நாக்கில் தேன் தடவினாள், தேவாரம் பாடச் சொன்னாள், பாடும்போது திக்காது, பாட்டு முடிந்ததும் திக்கும். எதைத்தான் விட்டாள். நெஞ்சு கொதிக்க எத்தனை ராத்திரி அந்தப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், தூக்கத்தில் அது ஏதோ முணுமுணுக்கும், திக்காமல். உதவி செய்ததுதானே. வழுக்குகிற பிள்ளைக்குக் கை கொடுக்காமல் விழட்டும் என்று எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கதவு திறந்தது, இம்தியாஸ் கையில் இரண்டு டீயோடு வந்தான். "சாப்பாட்டு நேரம் வரைக்கும் நிறுத்த மாட்டாங்களாம் மேடம். ஆனா ஒரு சின்ன பிரேக் குடுக்கிறேன்னு சொன்னாரு மேஸ்திரி, அந்த கேப்ல எடுத்துடலாம்." போன் ஏதாவது அடித்ததா என்று கேட்க நினைத்து, "டீல சர்க்கரை போட்டிருக்கா?" என்று கேட்டாள். போடச் சொல்லவில்லை என்றான். சரி என்றாள். பிறகு தாளைக் காட்டி, "தம்பி, இங்க பாரு. 'ரோஷ் எல்லைக்குள் நுழையும் எந்தப் பொருளும் நொறுங்கிப்போகும்'னு எழுதியிருக்காரு. எந்தப் பொருளுமா? அப்போ நம்ம அனுப்புற செயற்கைக்கோள் எல்லாம் பூமிக்குப் பக்கத்துலதானே சுத்துது, அது ஏன் உடையல?" என்றாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படிக்கக் கொடுத்ததைப் படித்துவிட்டுப் போகிறவள் அவள். அந்த 'எந்தப் பொருளும்' காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது, அது தன்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி. இம்தியாஸ் பேராசிரியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பேராசிரியர் அறவாழிக்கு வகுப்பு எடுக்கிற குரல், ஒவ்வொரு வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்கிற மாதிரி பேசினார். "சரியாக் கேட்டீங்கம்மா, அது என் தப்புதான், அவசரத்துல எழுதிட்டேன். ஒரு நிலா கோளை நெருங்குறப்போ, பக்கத்துல இருக்கிற பாதியைக் கோள் ஜாஸ்தியா இழுக்கும், தள்ளி இருக்கிற பாதியைக் கம்மியா இழுக்கும். அந்த வித்தியாசம்தான் அதைப் பிய்க்குது. ஆனா எல்லாத்தையும் இல்ல. தன்னோட ஈர்ப்பு ஒண்ணை மட்டுமே நம்பிச் சேர்ந்திருக்கிற பொருளைத்தான். மணலையும் கல்லையும் குவிச்சு வச்ச மாதிரி, உள்ள வேற பிடிப்பே இல்லாதது, அது கலைஞ்சிடும்."

கலைஞ்சிடும். அவர் பேசிக்கொண்டே போனார், அவள் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள். போன வருஷம் ஒரு மத்தியானம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், மடியெல்லாம் இலை. போனில் கயல். "அ... அம்மா. க... க..." அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். கயலுக்குக் கல்யாணமானதிலிருந்து போகிற எல்லாக் கோயிலிலும் அவள் வேண்டிக்கொண்டிருந்த சொல் ககரத்தில்தான் தொடங்கும். கை கால் ஓடவில்லை. "கர்ப்பமா? கண்ணு, கர்ப்பமா இருக்கியா?" என்று கத்தினாள். எதிர்முனையில் ஒன்றும் இல்லை. வெட்கம் என்று நினைத்தாள், அழுகிறாள் என்று நினைத்தாள், அந்த ஓட்டையை அடைத்தாள். எனக்குத் தெரியும்டி, ரெண்டு நாளா கண்ணு துடிச்சுது, மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டியா, மாடிப்படி ஏறாதே, வேலைக்கு லீவு சொல்லு, நான் நாளைக்கே கிளம்பி வரேன், உனக்குப் புளிப்பு பிடிக்குதா. பேசினாள், பேசினாள், எவ்வளவு நேரம் பேசினாளோ, அந்தப் பக்கம் காதில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு போன் கட்டானது. சாயங்காலம் மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். "கலைஞ்சு போச்சுங்க அத்தே. மூணு மாசம் முடியட்டும்னு உங்ககிட்டச் சொல்லாம இருந்தோம். அதைச் சொல்லத்தான் அவ கூப்பிட்டாளுங்க." அதே ககரம்தான். அதே எழுத்து. அன்று ராத்திரியே பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போனாள். கயல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே மறுபடி பேசினாள், பேசாமல் எப்படி இருப்பது, இதெல்லாம் சகஜம்டி, அடுத்தது நல்லபடியா தங்கும், எனக்கும் உனக்கு முன்னால ஒண்ணு... கயல் திரும்பிப் பார்த்தாள். "போயிடும்மா," என்றாள். ஒரு திக்கல் இல்லை. இத்தனை வருஷத்தில் மகள் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்த சொல் அதுதான். ரோஷம் வந்தது. வராதா. எனக்கும் வேலை இருக்கு, எனக்கும் வீடு இருக்கு என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த பிறகு வீட்டில் ஒன்றும் இல்லை. சுவரில் இருந்த பல்லி இருந்தது. கயல் பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினாள், பிறந்த நாளுக்குப் பூங்கொத்துப் படம். குரல் வரவில்லை. இவளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன பேசுவது, பேச்சுதானே வியாதி. சில சாயங்காலங்களில் தன் குரலைத் தானே கேட்பதற்காக நாள்காட்டியின் பின்பக்கத்தை உரக்கப் படித்திருக்கிறாள், நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம், யாருக்கோ ஒலிபரப்புகிற மாதிரி.

"...மேடம்? கேக்குறாரு," என்றான் இம்தியாஸ். பேராசிரியர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார், "செயற்கைக்கோள் அந்த எல்லைக்கு உள்ளதான் சுத்துது. ஆனா அதை உலோகமும் திருகாணியும் பிடிச்சிருக்கு, ஈர்ப்பு இல்ல. அவ்வளவு ஏன், நீங்களும் நானும் இப்ப நிக்கிற இடமே பூமியோட ரோஷ் எல்லைக்கு உள்ளதாம்மா. உடைஞ்சா போயிட்டோம்? எலும்பு இருக்கு, தோல் இருக்கு, பிடிச்சு வச்சிருக்கு. இப்பல்லாம் இந்தச் சொல்லை எடுத்து, ரொம்ப நெருங்கினா உடைஞ்சிடும்னு கவிதை எழுதுறாங்க. கேக்க நல்லாருக்கும், ஆனா அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது இல்ல. 'எந்தப் பொருளும்'ங்கிறதை அடிச்சிட்டு, 'தன் ஈர்ப்பால் மட்டுமே சேர்ந்திருக்கும் பொருள்'னு போட்டுக்குங்க." அவள் பேனாவை எடுத்து அடித்தாள். எழுதினாள். அந்த 'மட்டுமே' கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. ஈர்ப்பால் மட்டுமே. சரி, வேறு என்ன பிடித்து வைத்திருந்தது தங்களை என்று யோசித்துப் பார்த்தாள். தணிகாசலம் இருந்தபோது அவர் வைக்கிற ரசம், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்த் தலை, கயல் கல்லூரிக்காகக் கட்டடப் படம் வரைகிற மேஜைக்கு இவள் பிடிக்கிற விளக்கு. பேச்சே இல்லாத விஷயங்கள். கயல் படம் வரையும்போது பக்கத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், கை வலிக்கும், இருவரும் ஒன்றும் பேச மாட்டார்கள். அது எந்தக் கணக்கில் வரும். பேராசிரியரிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. அவர் போனை வைத்துவிட்டார். கீழே மிஷின் நின்றது. "மேடம், இப்போ!" என்று இம்தியாஸ் தன் நாற்காலிக்கு ஓடினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் படித்தாள். அவர் பெயராலேயே அது ரோஷ்... அந்த இடத்தில் நாக்கை மேலே ஒட்ட விடாமல் ஒரு கணம் நிறுத்தினாள். சும்மா நிறுத்தினாள். மௌனம் மைக்கில் விழுந்தது, உடம்பெல்லாம் கூசியது, ஓடிப்போய் எதையாவது போட்டு மூடு என்று உள்ளே ஏதோ பிறாண்டியது. ...எல்லை எனப்படுகிறது, என்றாள். இம்தியாஸ் கட்டை விரலை உயர்த்தினான். மீதிப் பத்தியும் ஒழுங்காக வந்தது.

அவன் கட்டை விரலை இறக்கிய கையாலேயே மேஜையில் அதிர்ந்துகொண்டிருந்த அவள் போனை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். 'கயல்' என்று எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவனே கதவைத் திறந்து போனைக் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, "நான் கீழ போய் மேஸ்திரியைப் பாத்துட்டு வரேன்," என்று கதவைச் சாத்திவிட்டுப் போனான். எந்தச் சத்தமும் ஒட்டாத அறை. பச்சையைத் தள்ளினாள். "கயல்," என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். "அம்மா." ஒரு வருஷம் கழித்து அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்ததா, சளி பிடித்திருக்கிறதா, கேட்காதே. "நா... நா... நா..." நின்றது. அவளுக்கு அந்த நிற்பு தெரியும், அந்தக் கழுத்து நரம்பு தெரியும், ஆயிரம் மைல் தள்ளியிருந்தாலும் தெரியும். சொற்கள் வரிசையில் வந்து நின்றன. நான். நாங்க. நாங்க பிரியப்போறோம், நான் வேலையை விட்டுட்டேன், நான் மறுபடி... வேண்டாம். நாற்பது, நாய், நாக்கு, நாசமாய்ப் போக. உதட்டைப் பல்லால் பிடித்தாள். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மகளின் மூச்சு ஏறி ஏறித் திரும்பி இறங்குவது கேட்டது, ஒவ்வொரு தடவையும் மேல்படி வரை வந்து வழுக்கியது. அவள் இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள், குழந்தைகள் பொத்திக்கொள்வதுபோல. எவ்வளவு நேரம் ஆனதோ. ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. கண்ணாடிக்கு அப்பால் இம்தியாஸின் காலி நாற்காலி மெதுவாகச் சுழன்று நின்றது. அவளுக்குப் பயமாக இருந்தது, சொல் வராமலே போய்விடுமோ என்று இல்லை, வந்தால் அது என்ன சொல் என்று. தணிகாசலம் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார முயன்றாள். முடியவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தாள். "...நாளைக்கு," என்றாள் கயல். அப்புறம் ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று. "நாளைக்கு வ... வ... வரட்டுமா? உன்கூட ஒ... ஒரு பத்து நாள் இருக்கணும் போல இருக்கு. டா... டாக்டர் அங்க சென்னையில ஒருத்தரைப் பார்க்கச் சொல்றாங்க. ஆனா அதுக்காக மட்டும் இல்ல."

மரகதவல்லி வாயிலிருந்து கையை எடுத்தாள். பதில் அங்கேயே தயாராக இருந்தது, ஓர் எழுத்துதான், அதைச் சொல்ல உதட்டைக் குவித்தாள். வரவில்லை. காற்று தொண்டையில் அடைத்து நின்றது. மறுபடி குவித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாளில் விழுந்ததே ஒழிய, குரல் எங்கோ கீழே மாட்டிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் ஊரெல்லாம் கேட்ட குரல். இப்போது போன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாளோ, அம்மாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்துக்கொள்வாளோ, வைத்துவிடுவாளோ. கயல் வைக்கவில்லை. "அம்மா" என்று கேட்கவில்லை, "இருக்கியா" என்று கேட்கவில்லை, அவளுக்காக எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் சீரான மூச்சு மட்டும் கேட்டது, எவ்வளவு நேரமானாலும் சரி என்கிற மாதிரி. கீழே மிஷின் மறுபடி தொடங்கி, ஓடி, நின்றது.

"வா," என்றாள் மரகதவல்லி.

"சரி," என்றாள் கயல்.